எண்ணெய்க் கை நின்ற இடம்

குற்றாலத்தில் காலைச் சாரல் விழுகிறது. அருவிக்குப் போகும் வழியில் ஒரு கல்லின் மேல் துண்டோடு உட்கார்ந்திருக்கிறேன். குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் மாடசாமி என் முதுகில் நல்லெண்ணெயை ஊற்றுகிறார். என் கையில் நண்பர் எழுதிய ஓரங்க நாடகம் இருக்கிறது. அவரும் என்னைப் போல நாடகம் எழுதுகிறவர்தான். அபிப்பிராயம் கேட்டு அனுப்பியிருக்கிறார்.

"மனசுக்குள்ளயே படிக்கியளே அய்யா. சத்தமா வாசிங்க, நானும் கேக்கேன்" என்கிறார் மாடசாமி.

வாசிக்கிறேன். யுத்தகாலத்தில் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்த கணவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். குரலைக் கேட்டதுமே மனைவிக்கு ஆள் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் அவள் கதவைத் திறக்க ஓடவில்லை. முதலில் கொதிக்கும் உலையில் இன்னொரு பிடி அரிசியைப் போடுகிறாள். 'இந்த இடம் இழுவை, வெட்டிவிடலாம்' என்று நேற்று ரயிலில் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

மாடசாமியின் கை என் முதுகில் அப்படியே நின்றுவிடுகிறது.

"ஒரு பிடி எப்படிப் பத்தும்? அம்புட்டுத் தூரம் நடந்து வந்தவன்லா!"

பென்சில் குறிப்பை அழிக்கிறேன். சந்தோஷம்தான், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருக்கிறது. பையிலிருந்து என் நாடகத்தை எடுத்து, யார் எழுதியது என்று சொல்லாமல் அதையும் வாசிக்கிறேன். மாடசாமி மரியாதையாக 'உம்' கொட்டிக்கொண்டே தேய்க்கிறார்.

திரை விழும்போது என் உடம்பில் எண்ணெய் படாத இடமே இல்லை.