இரண்டாவது வில்

நேற்று தள்ளுவண்டிக்காரர் கொய்யாப் பழங்களோடு ஒரு கிளையையும் சேர்த்துப் பையில் போட்டுவிட்டார். அதன் இலைகளைக் கிள்ளியதும் சமையலறை முழுக்கப் பச்சை வாசனை. என் மகள் கிளையை எடுத்து வளைத்தாள். "கண்ணுல குத்திக்கப்போற" என்று பிடுங்கி, ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்.

நான் அப்படித்தான். அவள் பள்ளிப் பையில் இரண்டு ரப்பர், இரண்டு கைக்குட்டை, இரண்டு தண்ணீர் பாட்டில். "புள்ள ஸ்கூலுக்குப் போகுதா, இமயமலைக்கா?" என்பார் கணவர். இந்தப் பழக்கம் ஒருமுறை என் மானத்தைக் காப்பாற்றியது அவருக்குத் தெரியாது.

மர்பி டவுனில் ஆறு வீட்டுக் காம்பவுண்டு ஒன்றில் குடியிருந்தோம். நான் ஏழாவது. தொண்ணூற்றெட்டோ, ஒன்பதோ. பள்ளியில் சரித்திரக் கண்காட்சி. ஆதி மனிதரின் கருவிகளில் எனக்கு வந்தது வில். "அட்டையில செஞ்சு கலர் அடிச்சு எடுத்துட்டு வராதீங்க. வேலை செஞ்சாதான் டேபிள்" என்றார் டீச்சர். மேடையிலிருந்து விட்ட அம்பு கொடிக்கம்பத்தடியில் இருக்கும் கோணிமூட்டையில் பட வேண்டும். கையெழுத்து அழகு என்பதைத் தவிர அதுவரை பள்ளியில் எனக்கு வேறு பெயர் கிடையாது. அந்த டேபிள் எனக்கு வேண்டியிருந்தது.

காம்பவுண்டுக் கொய்யாவில் கட்டைவிரல் பருமனில் இரண்டு கிளைகள் கேட்டேன். "ஒந்து சாகல்வா?" என்று கன்னடத்தில் கேட்டார் ஓனரம்மா. ஒன்று போதாதா? போதும்தான். ஆனால் உடைந்துவிட்டால்?

பட்டையை உரித்துப் பரண்மேல் காயவைத்து, உடைந்த கண்ணாடித் துண்டால் உள்பக்கத்தைச் சுரண்டினேன். துணிக்கொடி கட்டும் நைலான் கயிறுதான் நாண். இழுத்தால் வில்லின் ஒரு கை வளையும், மறு கை விறைத்து நிற்கும். விறைப்பான கையை இன்னும் கொஞ்சம் சுரண்டு, மறுபடி இழு. சுவரில் சாக்பீஸால் வளைவு வரைந்து அதோடு ஒப்பிட்டேன். அம்மா சுவருக்காக இரண்டு நாள் திட்டினாள். விரலில் வெட்டு விழுந்ததை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டுமே சமமாக வளைந்தன. ஞாயிற்றுக்கிழமையே முதல் வில்லுக்கு நாண் பூட்டி மூலையில் நிறுத்திவிட்டேன். வியாழனன்று டீச்சர் முன்னால் அவசரத்தில் பூட்ட வராமல் போனால்? தயாராக இருக்கட்டுமே. இரண்டாவதைப் பேப்பரில் சுற்றித் தங்கையிடம் கொடுத்தேன். அதே பள்ளியில் அவள் ஐந்தாவது. "ஒரு மூட்டையை அடிக்க ரெண்டு வில்லா? நீ என்ன சண்டைக்கா போற?" என்று வழியெல்லாம் முனகினாள்.

மேடையில் நாணை இழுத்து விட்டேன். அம்பு என் செருப்பின் மேல் விழுந்தது.

"ஏய், அம்பு தூங்கிடுச்சுடி!" முன்வரிசையே சிரித்தது.

நாணை அவிழ்த்தேன். வில் நிமிரவில்லை, அரிவாள் மாதிரி வளைந்தே கிடந்தது. நான்கு நாளாக இழுத்துக் கட்டியே வைத்ததில் நிமிர மறந்திருந்தது. அதற்குள் தங்கை மேடைக்கு ஓடிவந்து பேப்பரைக் கிழித்துக்கொண்டிருந்தாள். "பூட்டு, சீக்கிரம்! மிஸ் கிளம்பறாங்க!"

இரண்டாவது வில் விறைத்து நேராக இருந்தது. முழங்காலில் அழுத்தி நாணைப் பூட்டினேன். முதல் முயற்சியிலேயே பூட்ட வந்தது. நான்கு நாள் எதற்குப் பயந்தேனோ! இழுத்தேன், விட்டேன். 'ட்டொக்'. அம்பு கோணிமூட்டையின் நடுவே குத்தி நின்று ஆடியது. திரும்பிவந்த டீச்சர் கேட்டார்: "இன்னொரு வாட்டி செய்வியா?" பதினொரு வாட்டி செய்தேன். ஒன்பது பட்டது. எட்டாகவும் இருக்கலாம். வாசலுக்கு நேரே எனக்கு டேபிள் போட்டார்கள்.

அந்தக் காம்பவுண்டு இப்போது நான்கு மாடிக் கட்டடம். கொய்யா நின்ற இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. ஓனரம்மா இல்லை. ஜெயித்த வில்லால் அம்மா சில காலம் ஒட்டடை அடித்தாள். பிறகு அதையும் காணோம். அன்றுபோல் முன்வரிசையே வாய்பிளந்து என்னைப் பார்ப்பது அதற்குப் பிறகு நடக்கவே இல்லை.

இன்று காலை ஃபிரிட்ஜ் மேலிருந்த கிளையை எடுத்து, கயிறு கட்டி மகளிடம் கொடுத்தேன். "விளையாடி முடிச்சதும் கயித்தை அவுத்துடணும்" என்றேன். சாயங்காலம் வண்டிக்காரரிடம் இன்னொரு கிளை கேட்க வேண்டும்.