எல்லைக்கல் வரைக்கும் ஓட்டின சைக்கிள்

மார்கழி மாசம் எங்க மலையில சைக்கிள் கைப்பிடியத் தொட்டா கை மரத்துப் போகும். என் மக அந்தக் கைப்பிடியில அவ அப்பாவோட பழைய கம்பளித் துண்டைக் கிழிச்சுச் சுத்தி வெச்சிருந்தா. கையுறை வாங்கித் தர்றோம்னு வேலூர்லருந்து மலை ஏறி வர்ற சைக்கிள்காரங்க சொன்னாங்க. இதுவே சூடாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டா.

அந்தக் குளிர்காலத்தைப் பத்தித்தான் எழுதுறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. நாலு பேருக்கு முன்னால வாயத் திறன்னா எனக்கு நாக்கு வராது. எழுதும்போது யாரும் என் முகத்தப் பார்க்கறதில்ல.

எங்க வீடு மலை ஏத்தம் முடியற இடத்துல ரோட்டோரமா இருக்குது. அமிர்தியிலிருந்து காட்டு வழியா வளைஞ்சு வளைஞ்சு ஏறி வர்ற சைக்கிள்காரங்க எங்க புளியமரத்தடியிலதான் நின்னு மூச்சு வாங்குவாங்க. ஞாயித்துக்கிழமை தவறாம வருவாங்க. உடம்போட ஒட்டின துணி, தலையில ஆமை ஓடு கணக்கா தொப்பி. முதல் தடவை பார்த்தப்ப நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். அப்புறம் ஒரு குடம் தண்ணியும் சொம்பும் வாசல்ல வெக்கப் பழகினேன். அவங்களே மொண்டு குடிச்சிட்டு, சாத்தின கதவைப் பார்த்து "தேங்க்ஸ்மா"ன்னு சொல்லிட்டுப் போவாங்க.

அவங்களுக்குத் தலைவரா மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர் இருந்தார். நல்லா சிரிச்சுப் பேசற மனுசன். வேலூர்ல ஏதோ பெரிய வேலைன்னு சொன்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவர் என் மகளைப் பார்த்தார். என் மக பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கப் போறவ. பதினோராவது படிக்கறப்ப அரசாங்கம் குடுத்த சைக்கிளையே இன்னும் வெச்சிருக்கா. அன்னிக்குப் பின்னால ஒரு மூட்டை கத்திரிக்காயக் கட்டிக்கிட்டு ஏத்தத்துல ஏறிட்டிருந்திருக்கா. அவங்க எல்லாம் இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தாங்களாம்.

"தை மாசக் கடைசியில நாங்க கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல போறோம்மா"ன்னு அவர் வாசல்ல நின்னு என்கிட்ட சொன்னார். நான் கதவுக்குப் பின்னால இருந்தேன். "வழியெல்லாம் உதவி கேட்டு, இந்த மலையில நோயாளிங்கள கூட்டிட்டுப் போக ஒரு வண்டி வாங்கப் போறோம். மலைக்காக ஓட்டறதுல மலைக்காரங்க ஒருத்தராவது வேணாமா? உங்க பொண்ண அனுப்புங்க."

என் மகதான் "வர்றேன் சார்"னு சொன்னா. யோசிக்கக்கூட இல்ல.

ஏன்னு எனக்குத் தெரியும். அவ அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தப்ப இந்த ரோடு தார் ரோடு இல்ல. கம்புல போர்வையக் கட்டி டோலியில தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. ஊர் எல்லைக்கல்லுகிட்ட தோள் மாத்தறதுக்காகக் கீழ வெச்சாங்க. திரும்பத் தூக்கல. இவ அப்ப பாவாடை சட்டை போடற வயசு. டோலி பின்னாலயே ஓடிப் போயிருந்தா. அதைப் பத்தி எங்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல. சைக்கிள்காரங்களுக்கு வர்றேன்னு சொன்ன அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "அப்பாவுக்காக அந்தக் கல்லைத் தாண்டி நானாவது போறேன்மா"ன்னா. நான் இன்னும் கொஞ்சம் களி வெச்சேன்.

அப்புறம் கார்த்திகை, மார்கழி, தை முழுக்க அவளுக்கு இதே வேலை. கோழி கூவறதுக்கு முன்னால எழுந்திருப்பா. நான் அடுப்புல சாமைக் கஞ்சி வெச்சு, உப்பும் மோரும் விட்டு, ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுப்பேன். பனியில எதிர்ல இருக்கற மரம்கூடத் தெரியாது. டார்ச் லைட்டை முன்னால கயித்துல கட்டிக்கிட்டு இறங்குவா. அமிர்தி வரைக்கும் போய்த் திரும்பி ஏறி வந்து, அதோட பள்ளிக்கூடத்துக்கு ஓடுவா. சமைச்சு, பாத்திரம் தேய்ச்சுட்டு சாயங்காலம் வந்தா முட்டி ரெண்டும் வீங்கியிருக்கும். வேப்பெண்ணெயச் சுட வெச்சுத் தேய்ச்சு விடுவேன். ஒரு நாள் திருப்பத்துல ஈர இலை வழுக்கி விழுந்து முழங்கை தோலே உரிஞ்சு போச்சு. அழுவான்னு நெனச்சேன். "சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகல"ன்னு சிரிச்சா. மறுநாளும் போனா.

குழாயடியில பேச்சுக்குக் குறைவில்ல. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி இருக்கா, வாய் நீளம். "இன்னாமே, உன் பொண்ணு இருட்டுல டவுசர் மாட்டிக்கினு எங்க போவுது? கட்டிக் குடுத்த வூட்ல இருக்க முடியல, கன்னியாகுமரியில மாப்ள பார்த்து வெச்சிருக்காங்களா?"

மத்தவங்க சிரிச்சாங்க. என் மக புருசன் வீட்டுலருந்து வந்து அஞ்சாறு வருசம் ஆகுது. அவன் அடிச்சான்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் சிரிக்கறாங்க. நான் குடத்த எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வேலூர்க்காரங்க பொங்கலுக்கு அப்புறம் அவளுக்கு ஒரு புது சைக்கிள் கொண்டாந்து குடுத்தாங்க. ரொம்ப லேசு. அதை ஒத்தக் கையில தூக்கிக் காட்டினா என்கிட்ட. அவ முகத்துல அந்த மாதிரி சிரிப்ப நான் கல்யாணத்துலயும் பார்க்கல.

அந்த வருசம் ஊர்ல புளி உலுக்கறதுக்கு முன்னாலயே திருவிழாவ முடிச்சுடலாம்னு பேசி, மாசியில வர்றதை தைக்கு இழுத்து வெச்சாங்க. காப்பு கட்டற நாளும், இவங்க கிளம்பற நாளும் ஒண்ணாப் போச்சு. எங்க ஊர் மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டா, ஊர்ல இருக்கறவங்க வெளியில ராத்தங்கக் கூடாது. அதுலயும் கையில காப்பு நூல் கட்டிக்கிட்டவங்க எல்லைக்கல்லையே தாண்டக் கூடாது. தேர் சுத்தி, நூல அவுக்கற வரைக்கும் அப்படித்தான். தாண்டினா ஊர்ல யாருக்காவது ஏதாவது ஆகும்னு நம்பிக்கை. மேளம் அடிக்கறதுக்கு முன்னாலயே ஊரை விட்டுப் போயிட்டா ஒண்ணும் இல்ல. வேலைக்கு வெளியூர் போறவங்க அப்படித்தான் போவாங்க.

"நான் பெரிப்பாகிட்ட கேட்டுட்டேம்மா"ன்னா. பூசாரி என் வீட்டுக்காரருக்கு அண்ணன்.

"இன்னா சொன்னாரு?"

"'போறதுன்னா மேளத்துக்கு முன்னால போய்டு, நடுவுல திரும்பி வராத'ன்னாரு. விபூதி வெச்சு விட்டாரு."

பூசாரி பேர்ல குத்தம் இல்ல. அதை எழுதிடணும்.

முதல் பஸ்சுல சைக்கிளைப் போட்டுக்கிட்டுக் கீழ போய்டறேன்னு இவ போன்ல சொன்னா. மூக்குக்கண்ணாடிக்காரர் விடல. "நாங்க மேல வந்து உங்க ஊர்லருந்தே கிளம்பறோம். அதுதான் நல்லா இருக்கும். விடியும்போதே வந்துடுவோம்"ன்னார். இவ காப்பு விசயத்தைச் சொன்னா. "அதுக்கு முன்னாடியே கிளம்பிடலாம், கவலைப்படாதீங்க"ன்னார்.

அன்னிக்கு விடிஞ்சு வெயில் வந்தாச்சு, ஆள் வரல. இவ சைக்கிளோட வாசல்ல நிக்கறா. கோயில்ல பம்பை மேளக்காரங்க வந்து உட்கார்ந்துட்டாங்க. நான் ரோட்டுக்கும் கோயிலுக்கும் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரு வழியா வந்தாங்க. பனியில ஒவ்வொரு திருப்பத்துலயும் நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு வந்தாங்களாம். வேன்ல பேனர், மாலை, கேமரா.

"கிளம்பலாம் சார்"னா இவ.

மேளம் அப்பத்தான் மெதுவா ஆரம்பிச்சிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்து போச்சு. "அட, நமக்காகவே திருவிழா வெச்ச மாதிரி இருக்குதே. சாமி கும்பிட்டுட்டுப் போலாம் வாங்க"ன்னு அவ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். எல்லாரும் பின்னால போனாங்க.

பூசாரி இவளைப் பார்த்ததும், "இன்னும் கிளம்பலயா நீ? மேளம் ஆரம்பிச்சாச்சு, நூல்தான் இன்னும் கட்டல. சீக்கிரம் தாண்டிடு"ன்னார். தட்டுல மஞ்சள் தடவின நூலும் மஞ்சள் கிழங்கும் இருந்தது. மூக்குக்கண்ணாடிக்காரர் அதைப் பார்த்தார். கைய நீட்டினார்.

"சாமி, எங்களுக்கு ஒண்ணு கட்டுங்க. இந்தப் பொண்ணுக்கும் கட்டுங்க. இவங்க மலையோட நூலோட கிளம்பட்டும்."

இவ கைய முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டா. "வேணாம் சார்."

"வெக்கப்படாதீங்க."

நான் போனேன். அத்தனை ஆம்பளைங்க நிக்கற இடத்துக்கு நடுவுல, என் வீட்டுக்காரரோட அண்ணன் முன்னால போய் நின்னேன். கல்யாணம் ஆன நாளா அவர் முன்னால நான் நின்னு பேசினதில்ல. "சார், அதக் கட்டினா எம் பொண்ணு போகக் கூடாது சார். எல்லையத் தாண்டக் கூடாது"ன்னேன். தெளிவாத்தான் சொன்னேன். அவர் காதுல விழுந்தது. அவர் என் தோளத் தட்டி, "ஒரு நூல்தானேம்மா. கீழ எறங்கினதும் வழியில அவுத்துடலாம்"னார்.

பூசாரி கொஞ்சம் தயங்கினார். "கட்டட்டுமா?"ன்னு கேட்டார். அதைத்தான் என்னால மறக்க முடியல. என் மகளைப் பார்த்துக் கேக்கல. என்னைப் பார்த்தும் கேக்கல. மாலை போட்டுக்கிட்டு நின்ன அந்த சாரைப் பார்த்துக் கேட்டார். வெளியூர்லருந்து நல்லது செய்ய வந்தவர் சாமி முன்னால கேக்கறாரேன்னு பூசாரிக்கு மறுக்க மனசு வரல.

"கட்டுங்க சாமி"ன்னார் அவர். அவரே இவ கைய முன்னால இழுத்து நீட்டினார். அம்மன் முன்னால நீட்டின கைய மறுபடி இழுத்துக்கற துணிச்சல் எங்க சனத்துல யாருக்கும் இல்ல. போட்டோ எடுத்தாங்க. இவ அந்தப் போட்டோவுல சிரிச்ச மாதிரிதான் இருக்கா.

எல்லாரும் கிளம்பினாங்க. இவளும் சைக்கிள் ஏறினா. நூல் கட்டின கையத் தூக்கச் சொல்லி இன்னொரு போட்டோ எடுத்தாங்க. நான் பின்னாலயே நடந்தேன், பாதி ஓட்டம். எல்லைக்கல்லுகிட்ட நான் போய்ச் சேர்ந்தப்ப அவங்க எல்லாம் திருப்பத்துல மறைஞ்சு போயிட்டாங்க. என் மக ஒத்தக் காலைத் தரையில ஊனி நின்னுக்கிட்டிருந்தா. முன் சக்கரம் கல்லுக்கு இந்தப் பக்கம்.

"அவுத்துட்டுப் போ"ன்னேன். நான்தான் சொன்னேன்.

"ஊர்ல கொழந்தைங்க இருக்குதும்மா. நாளைக்கு எதுக்காவது காய்ச்சல் வந்தாலும் என்னாலதான்னு சொல்வாங்க. நீதான இங்க இருக்கணும்"னா.

குழாயடிய நெனச்சுத்தான் அப்படிச் சொன்னா. எனக்காக. சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கிட்டு வந்தா. ஏறி ஓட்டல.

மலை இறங்கிக் கணியம்பாடி போனப்புறம்தான் ஆள் இல்லன்னு கவனிச்சிருக்காங்க. போன் வந்தது. "ஒரு நூலுக்காகவா? படிச்ச பொண்ணு நீங்க"ன்னு அவர் சத்தமாக் கேட்டது எனக்கும் கேட்டுச்சு. இவ "நீங்க நல்லபடியா போய்ட்டு வாங்க சார்"னு வெச்சுட்டா. புது சைக்கிளத் துடைச்சு, சாக்கு போட்டு மூடி, அவங்க திரும்பி வந்தப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வேன்ல ஏத்தி அனுப்பிட்டா.

மலைக்கு வாங்கித் தர்றேன்ன வண்டி வந்துச்சு. பொய் சொல்லக் கூடாது, நல்ல வண்டி. பிரசவத்துக்கெல்லாம் போகுது. வண்டியோட பக்கவாட்டுல என் மக சைக்கிள் மேல உட்கார்ந்து மஞ்சள் நூல் கட்டின கையத் தூக்கிக் காட்டற படம் பெருசாப் போட்டிருக்குது. படவேட்டுலருந்து வர்ற சொந்தக்காரங்க, "கன்னியாகுமரி வரைக்கும் போனியாமே, கடல் எப்படி இருந்துச்சு?"ன்னு கேக்கறாங்க. "பெருசா இருந்துச்சு"ங்கறா. ஒவ்வொருத்தருக்கும் உக்கார வெச்சு விளக்கிச் சொல்ல அவளால முடியல.

இந்த மார்கழியிலயும் வந்தாங்க. புது ஆளுங்க நிறைய. எல்லார் கையிலயும் மஞ்சள் நூல். நான் கதவுப் பக்கம் நின்னுக்கிட்டிருந்தேன். மூக்குக்கண்ணாடிக்காரர் புதுசா வந்தவங்களுக்கு, "இது இந்த மலை அம்மனோட காப்பு. பயிற்சி ஆரம்பிக்கும்போதே கட்டிக்கிறது எங்க வழக்கம்"னு சொல்லிக்கிட்டிருந்தார். அப்பத்தான் என் மக தன்னோட பழைய சைக்கிள்ல வந்து நின்னா.

"வாங்க, வாங்க. உங்களுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன்"னு பையிலருந்து எடுத்தார்.

"எப்ப சார் அவுப்பீங்க?"

"கன்னியாகுமரி போய்த்தான். அதுக்கு முன்னால யாரும் அவுக்கக் கூடாது, கண்டிப்பா."

"ஒரு நூல்தானே சார். வழியில அவுத்துடலாமே."

அவர் சிரிச்சார். மத்தவங்களும் சிரிச்சாங்க. தான் சொன்ன வார்த்தைன்னு அவருக்கு நிஜமாவே ஞாபகம் இல்ல. முகத்தப் பார்த்தாலே தெரிஞ்சது.

என் மக சைக்கிளை மரத்துல சாத்தினா. "அம்மா, குடத்த உள்ள எடு"ன்னா.

கடைசியா வந்த ரெண்டு பேர் இன்னும் குடிக்கல. ஒருத்தர் சொம்புக்குக் கை நீட்டிக்கிட்டிருந்தார். நான் வெளிய வந்து, அத்தனை பேர் பார்க்க, சொம்பையும் குடத்தையும் எடுத்துக்கிட்டு உள்ள போனேன்.