நாலு பேட்டரிக்கட்டை

சங்கராபுரத்தில் கடைவீதி தாண்டியதும் நிற்கிற இரண்டு மாடிக் கல்யாண மண்டபம் நான் கட்டியது. அதற்கு முன்னால் சவுண்டு சர்வீஸ். இரண்டே இரண்டு குழாய் ஸ்பீக்கரை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆரம்பித்தவன். இன்றைக்குக் கல்வராயன் மலைமேல் எந்த ஊரில் திருவிழா என்றாலும் என் வேன்தான் ஏறும். ஜெனரேட்டர் வாங்கினேன். லைட் செட்டு வாங்கினேன். தியாகதுருகத்தில் பையனுக்குத் தனியாக ஒரு கடை வைத்துக் கொடுத்தேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. கொடுத்திருந்தாலும் நான் பிடித்திருக்க மாட்டேன். இதெல்லாம் ஊரே ஒத்துக்கொண்ட விஷயம். ஒத்துக்கொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் செய்ததிலேயே பெரியது அதுதான். அப்போது எனக்குப் பத்து வயசு.

சித்தப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம் வருகிறது, விழா மலர் போடுகிறார்கள். சின்னம்மாவுக்குக் கல்யாணமான புதிதில் வந்த கஷ்டத்தைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருக்கிறது. கள்ளக்குறிச்சி டாக்டர் கொடுத்த டானிக்கில் சரியாயிற்று என்று மேலே எழுதியிருக்கிறார்கள். திருநாவலூர் ஈஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டதில் சரியாயிற்று என்று கீழே எழுதியிருக்கிறார்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. சித்தப்பா அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் ஒருநாள் உலை வைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தவள், சோறு குழைந்து கருகி ஊர் முழுக்க வாடை அடிக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இன்னா கொறை உனக்கு என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியல என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை. அவள் மாமியார் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே சொன்னார்: “பொங்கலுக்குள்ள பழையபடி ஆனா அனுப்புங்க. இல்லன்னா இங்கியே இருக்கட்டும். எம் புள்ளைக்கு நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

எங்கள் வீடு மலையடிவாரத்தில், கொல்லி என்று நாங்கள் சொல்கிற புன்செய் நிலத்துக்கு நடுவில் இருந்தது. கரண்ட் கிடையாது. சின்னம்மாவோடு ஒரு டேப் ரிக்கார்டரும் வந்தது. சித்தப்பா ஆசையாக மெட்ராசில் வாங்கிக் கொடுத்தது. நாலு பேட்டரிக்கட்டை போட்டால் பாடும். கேசட்டில் பத்துப் பாட்டு இருந்தும் அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அது முடிந்ததும் பென்சிலை விட்டுச் சுற்றிப் பின்னுக்குக் கொண்டுவருவது என் வேலை. கட்டைகள் ஓய்ந்தால் ஓட்டு மேல் வெயிலில் காய வைத்து உயிர் கொடுப்பதும் என் வேலை.

ஆணும் பெண்ணும் பாடுகிற பாட்டு அது. ஆனால் இவர் கேட்பதற்கு அவர் பதில் சொல்ல மாட்டார். ஆண் ஒவ்வொரு அடியையும் மேலே தொடங்கிப் படிப்படியாக இறக்குவார்; கடைசிப் படியில் கால் வைப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுவார். மேளம் கிடையாது. மழை விட்ட பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற மாதிரி எங்கேயோ ஒரு தட்டு, அவ்வளவுதான். அடுத்த தட்டுக்கு நாம் காத்திருக்க வேண்டும். பாதிக்கு மேல்தான் பெண் வருவார். அதே மெட்டை உச்சியில் பிடித்து, இப்போது அறுந்துவிடும் என்கிற மாதிரி நூலாக இழுப்பார். இருவரும் சேர்ந்து பாடுகிற இடத்திலும் சேர மாட்டார்கள். ஒரே வீட்டில் வேறு வேறு நேரத்தில் சாப்பிடுகிறவர்களைப் போல, ஒருவர் முடித்த பிறகு ஒருவர் முடிப்பார். பாட்டு முடிய வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டு, முடியாமல் முதல் அடிக்கே திரும்பிப் போகும். எத்தனையோ கல்யாணத்துக்கு மைக் கட்டியவன் நான். ஒன்றிலும் இந்தப் பாட்டைப் போட்டதில்லை.

ஐப்பசி பிறந்ததும் மலை காணாமல் போனது. மேகம் இறங்கி எங்கள் மாட்டுக்கொட்டகை வரைக்கும் வந்து நின்றது. மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் நிலக்கடலை; பிடுங்கிய மல்லாட்டைச் செடியை மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே குவித்துவிட்டு, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். சின்னம்மா மட்டும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வெயில் இல்லாததால் கட்டைகள் காயவில்லை. பாட்டு நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனது. ஆணின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. நூலாக இருந்த பெண்ணின் குரல் தடித்து, வேலை முடிந்து களைத்து வந்தவளின் குரலாக மாறியது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் நான் இரண்டு செடி ஆய்ந்துவிடுவேன். ஒரு மத்தியானம், பெட்டிக்குள் இருக்கிற இருவரோடு மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது. சின்னம்மா பாடிக்கொண்டிருந்தாள். அம்மா எங்களைப் பார்த்து, திரும்பாதீர்கள் என்று கண்ணால் சொன்னாள்.

எனக்கோ பெட்டி சாகப் போகிறதே என்கிற கவலை. கள்ளக்குறிச்சிக்குக் கிளம்பிய அப்பாவிடம் போய் நின்றேன்.

“எப்பா, நாலு புதுக்கட்ட வாங்கினு வா. பாட்டு எருமை கத்தற மாதிரி இருக்குது.”

“டார்ச்சுக்கே கட்ட இல்லாம தடவிக்கினு நடக்கறேன். தொரைக்குப் பாட்டு கேக்குதா?”

திட்டினாலும் வாங்கி வந்தார். பழைய கட்டைகளைக் கழற்றிக் குப்பைக்குழியில் எறிந்துவிட்டுப் புதுசைப் போட்டேன். பாட்டு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக எழும்பியது. பெண் பாடுகிற இடம் வந்ததும் சின்னம்மா வாயைத் திறந்தாள். குரல் எட்டவில்லை. மூடிக்கொண்டாள். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், இரண்டு நாள் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

“இன்னாடா பண்ண அந்தப் பொட்டிய? பாடிக்கினு இருந்தவ வாய மூடிட்டா!” என்றாள் அம்மா.

“புதுக்கட்டதாம்மா போட்டேன்.”

“யார்ரா உன்னப் போடச் சொன்னது? பெரிய மெக்கானிக்கு!”

அம்மா வைதது பலித்தது, அது வேறு கதை. அன்றைக்கு அழுதுகொண்டே குப்பைக்குழியில் இறங்கித் தேடினேன். மூன்று கட்டைதான் உருப்படியாகக் கிடைத்தது. நான்காவதை நானே உடைத்து, தரையில் எழுதுவதற்காக உள்ளே இருந்த கரிக்குச்சியை உருவியிருந்தேன். மூன்று பழசு, ஒரு புதுசு போட்டேன். பாட்டு பழையபடி தாழ்ந்தது; முன்பு இருந்ததைவிட ஒரே ஒரு படி மேலே நின்றது. சாயங்காலம் சின்னம்மா இந்தப் பக்கம் திரும்பினாள். மறுநாள் அந்தப் படிக்கு வந்து சேர்ந்துகொண்டாள்.

பிறகு பழசு ஒவ்வொன்றாகச் செத்தது. ஒன்று சாகும்போது ஒரு புதுசை வைப்பேன். பாட்டு ஒரு படி ஏறும். சின்னம்மா இரண்டு நாள் தயங்குவாள், அப்புறம் ஏறுவாள். நாலும் புதுசான வாரம், பெண் உச்சிக்குப் போகிற இடத்தில் சின்னம்மாவின் குரல் உடைந்து கீச்சென்றது. அவளே சிரித்துவிட்டாள். அப்போதுதான் பார்த்தேன், அவள் மடியில் ஆய்ந்த மல்லாட்டை குவிந்திருந்தது.

மார்கழித் தூறலில் சித்தப்பா வந்தார், கையில் இரண்டாவது டானிக் பாட்டிலோடு. சின்னம்மா எழுந்து போய்த் துண்டை நீட்டினாள். “நனைஞ்சிக்கினே வந்தீங்களா? தலைய தொவட்டுங்க.” அவர் துண்டை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, துவட்டாமல் வெகுநேரம் நின்றார்.

கிளம்புகிற அன்று, வழியனுப்பு மரியாதையாக அந்தப் பாட்டை நல்ல வேகத்தில் போட்டேன். சின்னம்மா தானே வந்து நிறுத்தினாள். “போதும்டா. பொட்டிய நீயே வெச்சுக்க.” எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவு பாடுபட்டு ரிப்பேர் பார்த்திருக்கிறேன், ஒழுங்காகப் பாடும்போது கேட்க ஆள் இல்லையே என்று கொல்லியில் தனியாக உட்கார்ந்து நானே அதைக் கேட்டேன். பெட்டியைச் சரி செய்ததாகத்தான் அன்றைக்கு எனக்கு நினைப்பு. பாட்டு தாழ்ந்து தாழ்ந்து போய்த் தொட்ட அந்த இடத்தில் சின்னம்மா முன்னாலேயே தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. ஏறி வந்துவிட்டவளுக்கு அந்தப் படிக்கட்டு இனி வேண்டாம் என்பதும் தெரியாது.

ஆகவே மலர் போடுகிறவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் படம் இருக்கட்டும், ஈஸ்வரன் படமும் இருக்கட்டும். அதே பக்கத்தில், அதே அளவில், நாலு பேட்டரிக்கட்டை படம் போட்டு, கீழே என் பெயரைப் போட வேண்டும். மூன்று பழசு, ஒன்று புதுசு. படம் எடுக்க நானே கொண்டுவந்து தருகிறேன்.