உவரி சூசையின் சாக்ஸபோனைத் தேடி மூன்று நாள்

வியாழக்கிழமை காலை ஆறு பத்துக்கு உவரியில் திசையன்விளை பஸ் ஏறினேன். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு கேசட். கப்பலில் வாசித்த காலத்தில் சூசை பதிவு செய்து கொண்டுவந்த ஒரே கேசட் அது. நாடா முழுக்க வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. கடலோர வீட்டில் இத்தனை வருஷம் கிடந்தால் எதுவும் அப்படித்தான் ஆகும்.

சூசை யார் என்று சொல்லிவிடுகிறேன். உவரியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். மாதா கோயில் பேண்டில் கிளாரினெட் பழகி, பதினேழு வயதில் பம்பாய்க்கு ஓடி, அங்கே ஓர் ஓட்டலில் ஜாஸ் இசைக்குழுவில் சாக்ஸபோன் வாசித்தார். பிறகு பயணிகள் கப்பலில் ஒன்பது வருஷம். கப்பலில் ஆட்களைக் குறைத்தபோது ஊருக்குத் திரும்பாமல் பாளையங்கோட்டையில் ஒரு பேண்ட் செட்டில் சேர்ந்தார். கல்யாணம், சாவு, கோயில் கொடை. மனைவி புஷ்பம் உவரியிலேயே இருந்தார். சூசை வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் போவார், பெரும்பாலும் குடித்துவிட்டு. போன வருஷம் ஈரல் கெட்டுச் செத்தார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரி கிளீனர், ஓட்டல் சப்ளையர், செங்கல் சூளை என்று சுற்றியவன். அந்த பேண்ட் செட் மாடியில் இரண்டு மழைக்காலம் டிரம் தூக்கி வயிறு கழுவினேன். சூசையண்ணனுக்குப் பக்கத்துப் பாய். மழை ஒழுகினால் அவர் சாக்ஸபோன் பெட்டியைத்தான் முதலில் நகர்த்துவார், பிறகு என்னை எழுப்புவார்.

"பாட்ட அப்படியே ஊதுதது பெருசில்லலே. அத விட்டு வெளிய போவணும், போயித் திரும்பி வந்து சேரணும். அதான் ஜாஸ்," என்பார். கல்யாண ஊர்வலத்தில் அதற்கு இடம் கிடையாது. கொஞ்சம் வெளியே போனாலே பேண்ட் மாஸ்டர் முறைப்பார்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயந்திரம் புஷ்பம் மதினி கேசட்டை என் கையில் கொடுத்துச் சொன்னார்: "சனிக்கிழம வருசப் பூசை. கல்லறையில வச்சு அவரு ஊதினத மைக் செட்டுல போடணும் தம்பி. குடிகாரன், ஓடுகாலின்னு இந்த ஊரு ஏசுது. அவரு என்னதான் ஊதினாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எனக்கே தெரியாது, இந்த கேசட்டப் போட்டுக் கேக்க வீட்டுல பெட்டி கெடையாது. இங்க வந்தா கோயில் பாட்டு மட்டுந்தான் ஊதுவாரு."

போன வருஷம் அவர் பிணத்தோடு போன பேண்டில் சாக்ஸபோன் இல்லை. வாசிக்கிறவர்தான் பெட்டிக்குள் இருந்தாரே. அதையும் மதினி சொன்னார், சிரிக்காமல்.

காலை ஒன்பதே முக்காலுக்குத் திருநெல்வேலி. ஜங்ஷன் பக்கம் பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கும் ஒருவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுற்றினதும் நாடா ஒன்றோடொன்று ஒட்டி அறுந்தது. "இத மொதல்லயே கடல்ல போட்டிருக்கலாம்வே," என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் வீடியோ ஞாபகம் வந்தது. எத்தனை கல்யாணம், எத்தனை சாவு! எல்லாவற்றுக்கும் கேமரா வந்திருக்கும். பழைய பேண்ட் மாஸ்டரைத் தேடிப் போனேன். சர்க்கரை நோயில் ஒரு கால் எடுத்துவிட்டார்கள். யோசித்து இரண்டு இடம் சொன்னார். ஒன்று முக்கூடல், வீடியோக் கடை. இன்னொன்று மணிமுத்தாறு, செல்லத்தாய் என்கிற அம்மா; அவர் புருஷன் சாவுக்கு பேண்ட் போயிருந்தது.

மதியம் ஒன்றரைக்கு முக்கூடல் பஸ். ஏறக்குறைய ஒரு மணி நேரம். வயல்கள் அறுத்துக் கிடந்தன. ஆற்றில் தண்ணீர் கரையை விட்டுத் தள்ளி, மெலிந்து போய்க்கொண்டிருந்தது. கடைக்காரர் பழைய கல்யாணங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். நாலு கல்யாணத்தில் சூசையண்ணன் வந்தார். கன்னம் உப்ப, கண்ணை மூடி ஊதுகிறார். ஆனால் கேட்டது சினிமாப் பாட்டு.

"அண்ணாச்சி, அவரு வாசிச்ச சத்தம் எங்கே?"

"அத எடுத்துட்டுத்தானவே பாட்டுப் போடுவோம்! பொண்ணு மாப்பிள்ள நடந்து வரும்போது பீப்பீன்னு கேட்டா எவன் காசு தருவான்?"

"ஒண்ணுலயாவது விட்டிருப்பீங்களா?"

"விட்டா அதுக்குப் பேரு எடிட்டிங்கா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "அந்த மனுசன் ஒருக்க இங்கன வந்து இதையேதான் கேட்டாரு. இருந்து பாத்துட்டு, பேசாம எந்திச்சிப் போயிட்டாரு."

அன்று அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் படுத்தேன். கொசு.

வெள்ளி காலை ஏழரைக்கு மணிமுத்தாறு. அணைக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் வாடகைக்கு இருக்கிற தெரு. செல்லத்தாய்க்கு அறுபது வயது இருக்கும். நூறு நாள் வேலைக்குக் கிளம்பி நின்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர் எடுப்பு வீடியோவா? அத நானே பாத்ததில்ல. உங்களுக்கு எதுக்கு?"

"அதுல சாக்ஸபோன் வாசிச்சவரு செத்துப்போனாரும்மா. அவரு சம்சாரத்துக்கு அவரு சத்தம் வேணும். வேற எங்கயும் இல்ல. எல்லாத்துலயும் சினிமாப் பாட்டு."

அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "எங்கிட்டயும் அந்த வீடியோக்காரப் பய கேட்டான், சோகப் பாட்டு போட்டுத் தரட்டான்னு. எம் புருசன் சாவுக்கு எவன் பாட்டப் போடுதலே, எடுத்தத எடுத்த மாதிரி குடுன்னு ஏசி விட்டுட்டேன்."

வீட்டுக்குள் போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வந்து டி.வி.யில் செருகினார். அவர் மட்டும் வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

தோட்டத்து லயன் வீடு, தூறல், தார்ப்பாய்ப் பந்தல். பேண்ட் ஏதோ ஒரு துக்கப் பாட்டை வாசிக்கிறது. நடுவில் செல்லத்தாய் ஒப்பாரி எடுக்கிறார். பேண்ட் ஓய்கிறது. சாக்ஸபோன் மட்டும் ஓயவில்லை. பாட்டை விட்டுவிட்டு, அவர் குரலுக்குப் பின்னாலேயே பைய நடந்து போகிறது. அவர் ஓர் அடி சொல்லி மூச்சு வாங்கும்போது அது பதில் சொல்கிறது. திரும்ப அவர் எடுத்தால் அடங்குகிறது. குரல் மேலே போய் உடைந்த இடத்தில், அதைத் தாங்குகிற மாதிரி அடியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆறேழு நிமிஷம். பேண்ட் மாஸ்டரும் முறைக்கவில்லை. கடைசியில், விட்ட பாட்டில் விட்ட இடத்துக்கே சூசையண்ணன் வந்து சேர்ந்தார். இரண்டு மழைக்காலம் பக்கத்தில் படுத்திருந்தும் அவர் பாட்டை விட்டு வெளியே போய் வாசித்ததை அன்றுதான் கேட்டேன்.

"குடிச்சிருந்தாரு," என்றார் செல்லத்தாய், வாசலைப் பார்த்தபடியே. "பக்கத்துல வரும்போதே வாடை அடிச்சுது. ஆனா நான் நிறுத்தும்போது நிறுத்தினாரு. சொந்தக்காரங்க பேசாத அழாதன்னு அதட்டுதாங்க. அவரு ஒருத்தருதான் நான் சொல்லுதத முழுசாக் கேட்டாரு."

போனில் ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். "அந்த அம்மாட்ட குடு. ஊருக்கெல்லாம் அனுப்பிராத."

அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, திசையன்விளை என்று பஸ் மாறி மாறி, சாயந்திரம் ஐந்தரைக்கு உவரி. மீன் ஏலம் முடிந்து மணலில் நாய்கள் மட்டும் நின்றன. புஷ்பம் மதினி வெளியே வந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். முழுதும் கேட்டார். திரும்ப ஒருமுறை கேட்டார்.

"யாரு இந்தப் பொம்பள?"

சொன்னேன்.

போனை மடியில் வைத்தார். "முப்பத்தி ரெண்டு வருசம்," என்றார். "நான் ஒண்ணு சொன்னா எந்திச்சிப் போயிருவாரு. இவளுக்கு எப்படிப் பதில் சொல்லுதாரு பாத்தியா." குரலில் கோபம்தான் இருந்தது. அழுகை இல்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிப் பூசை முடிந்து எல்லாரும் கல்லறைக்குப் போனோம். கோயில் சாமியார் கல்லறையை மந்திரித்து முடித்தார். மைக் செட்காரர் என் போனில் வயரைச் செருகிவிட்டு மதினியைப் பார்த்தார். சூசையின் தம்பி பின்னாலிருந்து, "எங்க, ஜாசு ஜாசுன்னாங்களே, போடுங்க கேப்போம்," என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மதினி வயரைத் தானே பிடுங்கினார்.

"போட வேண்டாம்."

"ஏன் மதினி, ஒண்ணுமில்லையா?" என்றார் தம்பி.

"இருக்கு. அது வேற ஒருத்தி வீட்டுத் துக்கம். உங்க சிரிப்புக்கு அத நான் கொண்டாந்து போட மாட்டேன்."

ஊர் வாயை அடைக்கத்தான் என்னை அனுப்பினார். அடைக்கிற சாமான் கையில் இருந்தது. அடைக்கவில்லை. எல்லாரும் கலைந்து போனார்கள். இனியும் குடிகாரன் என்றுதான் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அதைத் தன் போனுக்கு மாற்றித் தரச் சொன்னார். மாற்றிவிட்டு, என்னுடையதில் அழித்தேன். பத்தே காலுக்குத் திசையன்விளை பஸ். எனக்கு வீடு என்று ஒன்று கிடையாது, அதனால் எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. அன்றைக்கு மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அந்தத் தெருவைப் பார்த்தேன். மதினி வாசற்படியில் போனைக் காதில் வைத்து உட்கார்ந்திருந்தார். உதடு அசைந்தது. ஏதோ சொன்னார். பிறகு நிறுத்திவிட்டு, எதிர்ப்பக்கம் பேசட்டும் என்று காத்திருந்தார்.