மணலையும் எடை போட்டவன்

அஜ்மானில் குடியிருக்கும், ஐம்பத்திரண்டு வயதான அம்மையப்பன் ஆகிய என்னிடம் பாலைவனத்தை அளக்கும் பொறுப்பைத் தந்தவர்களின் துணிச்சலை இன்றும் வியக்கிறேன்.

வேலை எளிது. புதரின் உயரம், குறுக்கே இரண்டு அகலம். மூன்றையும் சூத்திரத்தில் போட்டால் வெட்டாமலே காய்ந்த எடை தெரிந்துவிடும். அதை வைத்து, அங்கே எத்தனை ஒட்டகம் மேயலாம் என்று ஆபீஸ் முடிவு செய்யும். நூற்றிருபது புதர்களை அளந்தேன். சோதனைக்காக ஐந்தை மட்டும் வெட்டி, அடுப்பில் உலர்த்தி நிறுப்பார்கள். என் கணக்கு ஒத்துப்போனால் கான்ட்ராக்ட் நீளும். இல்லையென்றால் விசா கேன்சல்.

வெட்ட வந்தவர் ராமநாதபுரத்துப் பன்னீர்செல்வம். முதல் புதரைச் சுற்றி வந்தார்.

"இதுக்கு எம்புட்டு சார் எழுதிருக்கீக?"

"பதினாலு கிலோ."

"மேயுற ஒட்டகத்தையும் சேத்தா?"

"இது சயின்ஸ்யா."

"நாலு தேறுனா பெருசு சார்."

உலர்த்தி நிறுத்தபோது நாலே கால். மற்ற நான்கும் அதே லட்சணம். பனி, உப்புக்காற்று, பழுதான தராசு என்று மேலதிகாரி பர்னபாஸிடம் மூன்று கோட்பாடுகளை முன்வைத்தேன். அவர் தூத்துக்குடிக்காரர்; கோட்பாடுகளுக்கு மசியவில்லை.

"எங்கவே நின்னு அளந்தீரு? வாரும், காட்டும்."

சைட்டுக்குப் போய், வழக்கமான இடத்தில் அளவுகோலை ஊன்றி, கம்பீரமாக நின்றேன். பர்னபாஸ் என் காலைப் பார்த்தார், பிறகு புதரைப் பார்த்தார். காற்று கொண்டுவந்த மணல் புதரைச் சுற்றிச் சேர்ந்து, இடுப்பளவு மேடாகியிருந்தது. புதர் மேட்டின் உச்சியில். நான் அடிவாரத்தில். முதல் நாள் ஏறிப் பார்த்தேன். மணல் சரிந்தது, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. அன்றே, உயரம் என்பது தரையிலிருந்துதான் என்ற கொள்கைக்கு வந்துவிட்டேன்.

"மண்ணையும் சேத்துல்லா அளந்திருக்கீரு!"

"மண்ணு திங்கிற ஒட்டகமாப் பாத்து வாங்கிருவோம் சார்" என்றார் கூட வந்திருந்த பன்னீர்செல்வம், உதவும் நோக்கில்.

பர்னபாஸ் சிரிக்கவில்லை. "மூணு நாளு. வெட்டுனது போக மிச்சம் நூத்திப் பதினஞ்சையும் மேல ஏறி அளந்துட்டு வாரும். பொறவு கான்ட்ராக்ட் பேசுவோம்."

ஏறினேன். சில மேடுகளில் உட்கார்ந்தபடியே இறங்கினேன். மூன்றாம் நாள் அளந்து முடித்ததும், அவற்றில் புதிதாக ஐந்தை வெட்டி உலர்த்தி நிறுத்தார்கள்; இந்த முறை கணக்கு ஒத்துப்போனது. மேயலாம் என்று நான் தாராளமாக அனுமதித்திருந்த தொண்ணூறு ஒட்டகங்கள் முப்பதாகச் சுருங்கின.

கான்ட்ராக்டை ஆறு மாதம் நீட்டினார்கள், ஒரு புதிய நிபந்தனையோடு: ஒவ்வொரு தாளிலும் நான் மேட்டின் மேல்தான் நின்றேன் என்று சாட்சிக் கையெழுத்து வேண்டும். சாட்சி பன்னீர்செல்வம். மனிதர் நான் உச்சிக்கு வந்து சேரும்வரை பேனா மூடியைத் திறப்பதில்லை.