அக்காவின் பாட்டும் ஓர் இருமலும்

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வீட்டில் நான் அக்காவை ‘வா, போ’ என்றுதான் பேசுவேன். அச்சில் அப்படி வரக்கூடாது சித்தி, மரியாதையாக எழுதுங்கள் என்று அக்காவின் மகன் பிரபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். ஆகவே ‘அவர், இவர்’ என்று எழுதுகிறேன். இதை அக்கா படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் என்னைத் தனியே கூப்பிட்டு ஒன்றையே கேட்டார்கள். நாடகப் பாட்டுப் பதிவில் எதையோ அழிக்கச் சொல்லிவிட்டு உங்கள் அக்கா கண்ணை மூடினாராமே, அழித்தீர்களா என்று. நாடக வாத்தியாரோடு சண்டையாம், தன் வேடத்துக்கு வந்த புதிய பெண்மேல் பொறாமையாம் என்று ஆளுக்கொரு கதை வேறு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அக்கா அழிக்கச் சொன்னது ஓர் இருமலை. ஒரே ஓர் இருமல். அழிக்கிறேன் என்று கையடித்துக் கொடுத்தவள் நான். அந்த வாக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை நானே கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஏழு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில் அக்கா பிறந்தார். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். வீட்டில் பாட்டு வாத்தியார் வைத்துக் கற்றுக்கொடுக்கிற வசதியெல்லாம் கிடையாது. அக்கா கற்ற பாட்டு அத்தனையும் ரேடியோவிலும் கோயில் கச்சேரியிலும் காதால் வாங்கியது.

தண்ணீர்ப் பஞ்சம் வந்த ஒரு கோடையில், தெருமுனைக்கு லாரி வரும். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. வரிசையில் எங்கள் குடத்தை யாரோ பின்னால் தள்ளிவிட்டார்கள். வீட்டில் ஒழுங்காகப் பேசும் அக்காவுக்குக் கோபம் வந்தால் மட்டும் மெட்ராஸ் பாஷை வந்துவிடும். “இன்னாம்மா இது, இப்ப வந்த கொடம் முன்னாடி கீது, காலைலேர்ந்து நிக்கிற கொடம் பின்னாடி கீது?” என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் அவர் தங்கை இல்லை என்பதுபோலத் தள்ளி நின்றுகொண்டேன்.

மறுநாள் காலை அடுத்த தெருவிலிருந்து ஒருவர் வந்தார். சங்கீத நாடகக் குழு நடத்துகிறவர். குழுவில் எல்லோரும் அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் சண்டை பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் அப்பாவிடம், “உங்க பொண்ணு நேத்து அரைமணி நேரம் கத்தினா சார். கடைசி வரைக்கும் சுதி இறங்கலை. பாட அனுப்புவீங்களா?” என்று கேட்டார்.

அப்பா இரண்டு நாள் அதைத் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள், சின்னவளையும் கூட அழைத்துப் போவதானால் சரி என்றார். ஒத்திகைக்குக் காவலாகப் போகிற வேலை எனக்கு அப்படித்தான் வந்தது. மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் ஒத்திகை. எச்சில் இலை வாசனையில் உட்கார்ந்து நான் பள்ளிக்கூடக் கணக்குப் போட, அக்கா தோழியாக நின்று பின்பாட்டுப் பாடுவார். மூன்று வருடம் தோழி. பிறகு ராணி, பிறகு அம்மன், ஒருமுறை ஆள் வராததால் மந்திரி.

நாடகம் மட்டும் செய்து யாரும் குடும்பம் நடத்த முடியாது. பகலில் அக்கா கிண்டியில் ஒரு தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தார். நாடகமுள்ள நாளில் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்ப அனுமதி கேட்பார், அதற்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமை போய் உட்காருவார். பையில் ஒரு பிளாஸ்க் வெந்நீரும் நாலு மிளகும் எப்போதும் இருக்கும். அக்காவைக் கட்டிய மாமா பஸ் கண்டக்டர். திருவான்மியூர் டெப்போவில் டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கிவிடுவார். என்ன மாமா இப்படித் தூங்குகிறீர்கள் என்றால், “உங்க அக்கா பாட்டு நல்லா கீதுன்னு தெரிஞ்சதாலதாம்மா தூக்கம் வருது” என்பார். அந்த நல்ல மனிதர் முன்னாலேயே போய்விட்டார்.

அக்காவிடம் குறையே இல்லை என்று எழுத எனக்குக் கை வராது. கோபக்காரர். ஒருமுறை அம்மன் பாட்டில் மேல் சுதியில் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது என்று நான் சொல்லிவிட்டேன். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு எனக்குப் புடவை மட்டும் பிரபு கையில் கொடுத்து அனுப்பினார். ஆனால் மேடையில் அவர்மேல் யாரும் குறை சொன்னதில்லை. மின்சாரம் போய் மைக் நின்றபோதும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பாடியவர். முப்பது வருடத்தில் மேடையில் ஒருதரம்கூடத் தும்மியதில்லை, இருமியதில்லை. தும்மல்கூட என்னைக் கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று பெருமை அடித்துக்கொள்வார்.

அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பூக்காரி வேடம். வாத்தியாரே எழுதிய நாடகம் அது. மழைநாளில் பூ விற்காத ஒரு பூக்காரி கோயில் வாசலில் உட்கார்ந்து சாமியோடு கணக்குத் தீர்ப்பாள். ‘உனக்கொரு முழம் அளந்தேன் சாமி, எனக்கொரு முழம் மிச்சம் வை’ என்று பாட்டு வரும். அக்கா அதைக் கெஞ்சிப் பாட மாட்டார். தண்ணி லாரி வரிசையில் நியாயம் கேட்டாரே, அதே குரல்தான் சாமியிடமும்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டிய பிறகு, ஊர் ஊராக வாத்தியக்காரர்களைக் கூட்டிப்போக முடியவில்லை என்று வாத்தியார் பாட்டுகளை மட்டும் பதிவு செய்துவிட முடிவெடுத்தார். வசனத்தைக் காலர் மைக்கில் நேரில் பேசுவார்கள், பாட்டு வரும்போது பதிவு ஓடும், நடிகர்கள் வாயசைப்பார்கள். தி.நகரில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம் மூன்றும் ஒரே அறையில், ஒரே நேரத்தில். அன்று அக்காவுக்குக் கடும் சளி, லேசாகக் காய்ச்சலும். ‘உனக்கொரு முழம் அளந்தேன் சாமி’ என்று பாடி மூச்சு வாங்கிய இடத்தில் ஓர் இருமல் வந்துவிட்டது. சமாளித்து மேலே பாடி முடித்தார். இன்னொரு தரம் பாடலாம் என்று பார்த்தால், மிருதங்கக்காரர் கல்யாணக் கச்சேரிக்குக் கிளம்பியாயிற்று. அக்காவின் குரலை மட்டும் திருத்த அந்தப் பதிவில் வழியில்லை. மழையில் நிற்கிற பூக்காரி இருமினால் என்ன தப்பு என்று வாத்தியார் பேச்சை முடித்துவிட்டார். அக்கா அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஏழெட்டு வருடம் தன் குரலுக்குத் தானே வாயசைத்தார். அந்த இடம் வரும்போது கூடைப் பக்கம் குனிந்து, பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொள்வார். முழங்கால் வலி வந்து கூடைக்கு முன்னால் உட்கார்ந்து எழ முடியாமல் போனபோது அந்த வேடம் நிவேதாவுக்குப் போயிற்று. திருவான்மியூர்ப் பெண். அடையாறில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. குரல் அக்காவுடையது, உதடு நிவேதாவுடையது. அக்கா அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவே மாட்டார். உதட்டுக்காரி என்பார்.

அந்தப் பெண் ஒருநாள் வீடு தேடி வந்தாள். நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் பூக்காரி எதற்காக இருமுகிறாள் என்று தெரிந்தால்தான் தன்னால் சரியாக நடிக்க முடியும் என்றாள். “ஏதாவது காரணம் வெச்சிருப்பீங்களேம்மா” என்று பவ்யமாகக் கேட்டாள்.

“காரணம் சளி” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததை அக்காவே எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாடகத்தைப் பார்க்க நாங்கள் இருவரும் போயிருந்தோம். நிவேதா முகத்தை மறைக்கவில்லை. சபையைப் பார்த்தபடி பதிவிலுள்ள இருமலுக்கு வாயசைத்து, முந்தானையால் வாயைத் துடைத்து, அதைச் சாமி பார்த்துவிட்டதா என்பதுபோல ஒரு பார்வை பார்த்து, ‘எனக்கொரு முழம் மிச்சம் வை’ என்று தொடர்ந்தாள்.  அரங்கம் முழுக்கக் கைதட்டல். அன்று முதல் அந்த நாடகம் என்றாலே அந்த இருமல் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என் கையைக் கிள்ளிவிட்டார். வீடு வரும்வரை புலம்பல்தான். “முப்பது வருஷம் பாடினேன், ஒருத்தனும் எழுந்து ஒரு வார்த்தை சொன்னதில்லடி. இருமினதுக்குக் கைதட்டறான்.” நான் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது. அவருக்கு அது வேடிக்கையாக இல்லை.

அதை எடுத்துவிடுங்கள் என்று பலமுறை கேட்டார். வாத்தியார் மசியவில்லை. இருமல்தான் காட்சியே என்றார். கடைசி வருடம் அக்காவுக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்ஸிஜன் வைத்தோம். நாளெல்லாம் இருமல். பாடுவது போய்ப் பேசுவதே பாடாகிவிட்டது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “இருமல் இங்க வேண்டிய மட்டும் கேட்டாச்சு. நான் போனப்புறம் அங்க பாட்டு மட்டும் கேக்கட்டும்.” செய்கிறேன் என்றேன். பத்து நாளில் போய்விட்டார்.

பிரபு டிவி நிகழ்ச்சிகளுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் இருப்பவன். அன்று முடியாதது இன்று கம்ப்யூட்டரில் கால்மணி நேர வேலை. காரியம் முடிந்த மறுவாரம் வாத்தியார் வந்தார். எண்பது தாண்டியவர், இரண்டு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தார். அக்காவின் கடைசி ஆசை என்றதும் மறுத்துப் பேச முடியாமல், உங்கள் இஷ்டம் என்று எழுந்து போய்விட்டார். அவரைவிடப் பிரபுதான் திணறினான். காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டு, கையை எடுத்துவிட்டான். “பாட்டெல்லாம் எல்லாருக்கும் பாடினது சித்தி. இந்த இருமல் ஒண்ணுதான் நம்ம வீட்டு அம்மா” என்றான்.

 இதையும் அழித்துவிட்டால் அக்கா என்று நமக்கு வேறென்ன மிச்சம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் வாக்கு அவனுடையது இல்லை, என்னுடையது. வேண்டுமானால் அந்த இருமலைத் தனியே எடுத்து நீ வைத்துக்கொள், மேடைக்குப் போவதில் இருக்கக்கூடாது என்றேன். அவனும் அப்படியே செய்தான். இன்றும் அவன் போனில் அது இருக்கிறது. எனக்கு ஒருமுறை போட்டுக் காட்டினான். இரண்டாம் முறை வேண்டாம் என்றுவிட்டேன்.

மார்கழியில் மயிலாப்பூர் சபா ஒன்றில் நாடகம் போட்டார்கள். நானும் பிரபுவும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். கூடையோடு நிவேதா வந்தாள். அக்காவின் குரல் எழுந்தது. ‘உனக்கொரு முழம் அளந்தேன் சாமி’. அந்த இடம் வந்தது. குரலில் சுத்தமான ஒரு மூச்சு இடைவெளி. சொன்னதைச் செய்துவிட்டேன் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இருமல் கேட்டது.

பதிவிலிருந்து இல்லை. மேடையிலிருந்து. பாட்டு ஓடும்போது அணைத்து வைக்கும் காலர் மைக்கை, அந்த ஒரு நொடிக்கு மட்டும் திறக்கும்படி ஒலிபெருக்கிக்காரரிடம் நிவேதா முன்பே சொல்லி வைத்திருந்தாள். தன் தொண்டையால் இருமினாள். அக்காவுடையதைவிடக் கொஞ்சம் மெலிந்த, வேறு ஓர் இருமல். முந்தானையால் வாயைத் துடைத்தாள். அடுத்த வரியை அக்கா பாடினார். அரங்கம் கைதட்டியது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

நாடகம் முடிந்து பின்பக்கம் போனேன். நல்லபடியாகப் பேசவில்லை நான். போனவர் ஆசையை இப்படியா கெடுப்பது என்று கேட்டேன். பூக்கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பெண் நின்றாள். “அவங்களோடதை நீங்க எடுத்துட்டீங்க ஆன்ட்டி. இது என்னோட இருமல். அவங்க பாட்டுல ஒரு தூசுகூட இல்லையே, கேட்டீங்கல்ல?” என்றாள். பிறகு மெதுவாக, “இத்தனை வருஷத்துல அந்தப் பாட்டுக்குள்ள என் சத்தம்னு இது ஒண்ணுதான்” என்றாள்.

 அக்கா இருந்திருந்தால், உதட்டுக்காரிக்குத் தொண்டையும் இருக்கிறதே என்று முனகியிருப்பார். எட்டு மாதம் கழித்துப் புடவையும் அனுப்பியிருப்பார். அதனால்தான் இந்த ஆண்டு திதிக்கு நிவேதாவுக்கு ஒரு புடவை எடுத்தேன். அக்காவுக்குப் பிடித்த நிறம், மாம்பழ மஞ்சள்.

ஆகவே கேட்டவர்களுக்குச் சொல்லிவிட்டேன். அழித்தாயிற்று. அக்கா சொன்னபடி அங்கே, அவர் பதிவில், இப்போது பாட்டு மட்டும்தான் கேட்கிறது.

அக்காவின் கடைசி மாதங்களில் எங்களைத் தாங்கியவர்கள் பலர். ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் ஆக்ஸிஜன் சிலிண்டரை இரண்டு மாடி தூக்கி வந்த தம்பிகள். சாந்தோம் கோயிலில் அக்காவுக்காக ஜெபித்துவிட்டுச் சுடச்சுடச் சூப்போடு வந்து நிற்கும் கீழ்வீட்டு டீச்சரம்மா. கிண்டிக் கம்பெனியிலிருந்து வேலை நாளில் லீவு போட்டு வந்த தோழிகள். தண்ணி லாரி வரிசையில் காதைத் தீட்டி வைத்திருந்த வாத்தியார். உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பூக்காரி நாடகம் இன்னும் நடக்கிறது. உங்களில் யாராவது போனால், இருமலுக்குத் தாராளமாகக் கைதட்டுங்கள். அது நிவேதாவுக்கு. பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை தட்டுங்கள். அது அக்காவுக்கு, முப்பது வருடமாகச் சேர வேண்டியது.

தங்கை விஜயா
மந்தைவெளி