இடம் சுற்றிய படகு

என் மாமா வடக்கே பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பல வருசம் மீன் வெட்டினவரே தவிர, ஒருநாளும் மீன்பிடிக்கப் போனவரல்ல. ஆனாலும் அவர் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தபோது, கடலைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்று நாங்கள் நம்பினோம். எங்களைவிட அவர் கூடுதலாக நம்பினார். அந்தத் துணிச்சலில்தான், பின்னால் இரண்டு எஞ்சின் தொங்கும் பழைய படகொன்றை வாங்கிப்போட்டார்.

அம்மாவின் தகப்பன், என் அம்மப்பா, ஊரில் செத்துப்போன வருசம் அது. மாமா அவருக்கு ஒரே ஆம்பிளைப் பிள்ளை. அகதியாக வந்தவர், ஊர்ப்பக்கம் தலைவைக்க முடியாது. கொள்ளியை, அவருடைய தம்பியின் மகன், பெறாமகன் ஒருத்தர் வைத்தார். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. "பிள்ளை இருந்தும் இல்லாத மாதிரிப் போயிட்டார்" என்று ஒருநாள் மாமாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா. அதோடு மாமா எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்கு அழுகையாக வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து முட்டைப்பொரியலைக் களவெடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

தன் அக்காவைப் படகில் ஏற்றி, கடல் உள்நுழைந்த பியோர்டைச் சுற்றிக் காட்டினால் கோபம் ஆறிவிடும் என்று மாமா நினைத்தார். அப்பா தூதுபோய், அம்மாவை ஒருமாதிரிப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

படகு அப்போது கரையில் கட்டைகளின் மேல் நின்றது. அக்கா வந்துவிட்ட சந்தோசப் புளுகத்தில் மாமா தேவையில்லாத விளக்கமெல்லாம் கொடுத்தார். வலப்பக்கத்துப் புரொப்பெல்லர் விசிறி வலமாகச் சுற்றுமாம், இடப்பக்கத்தது இடமாகச் சுற்றுமாம், இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் படகு நேரே போகாமல் இழுக்குமாம். மனுசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கொள்ளிக்குடத்தோடை சுத்துறதுதான் இடப்பக்கமாய்ச் சுத்துறது. நல்ல காரியத்துக்கு ஆரும் இடம் சுத்துவினமோ? நான் ஏறமாட்டன்" என்றா அம்மா.

"இஞ்சாருமப்பா, முன்னாலை போய் நிண்டு பாத்தால் அது வலந்தானே?" என்றார் அப்பா.

"அப்ப மற்றது இடமாய்ப் போயிடும்."

அம்மாவைக் கதையில் வென்றவர் எங்கள் குடும்பத்தில் ஒருவருமில்லை. மாமா அலைந்து திரிந்து, வலமாகச் சுற்றுகிற இன்னொரு புரொப்பெல்லரைத் தேடிப்பிடித்து இடப்பக்கத்து எஞ்சினில் பூட்டினார். கொஞ்சம் இழுக்கும், சமாளிப்பன் என்றார். புரொப்பெல்லரை மாற்றினாலும் அந்த எஞ்சின் தன்பாட்டில் இடமாகத்தான் சுற்றும், அப்போது படகை முன்னுக்குத் தள்ளாமல் பின்னுக்கு இழுக்கும் என்பது அவருக்குத் தெரியாது. பக்கத்துப் படகு நொர்வேஜியக் கிழவர் இதைத்தான் கையைக் காலை ஆட்டி நெடுநேரம் சொல்லியிருக்க வேண்டும். மாமா "யா, யா" என்று தலையாட்டிக்கொண்டு நின்றார்.

வெயில் எறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொரித்த றோல்ஸ் பலகாரப் பெட்டியோடு எல்லாரும் ஏறினோம். அம்மா மாமாவின் பக்கம் திரும்பவேயில்லை. துறைக்குள் வலப்பக்கத்து எஞ்சினோடு மட்டும் மெல்ல வந்தார் மாமா. வெளித்தண்ணீருக்கு வந்ததும் மற்றதையும் முடுக்கி, இரண்டையும் ஒன்றாக முன்னுக்குத் தள்ளினார்.

படகு போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. அதுவும் இடப்பக்கமாக!

நான் கைதட்டிக் கூத்தாடினேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "விசிறியை வலமாக்கினம், படகே இடமாய்ப் போச்சு!" மாமாவின் முகம் செத்துப்போயிற்று. எஞ்சினை நிற்பாட்டக் கையை நீட்டினார்.

"நிப்பாட்டாதை தம்பி" என்றா அம்மா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவரைத் தம்பி என்று கூப்பிட்டா. "மூண்டு தரம் சுத்தட்டும்."

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மாமா அம்மாவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். படகு சுற்றியது. மூன்றாம் சுற்று முடிந்ததும் அம்மா "காணும், போதும்" என்றா. மாமா எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அப்படியே குந்தி, சின்னப்பிள்ளை மாதிரிக் குழறி அழுதார். அம்மா அவருடைய தலையைத் தன் மடியோடு அணைத்துக்கொண்டா.

இவ்வளவு நல்ல விளையாட்டை ஏன் நிறுத்தினார்கள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். இன்னொருக்கா, இன்னொருக்கா என்று கத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் றோல்ஸ் பெட்டியைத் திறக்கப் போக, அம்மா என் கையைத் தட்டிவிட்டா.

"இப்ப ஒருத்தரும் ஒண்டும் தின்னக்கூடாது. தம்பி, வீட்டை வா. முதல்லை தலை முழுகித் தோய், பிறகு சாப்பிடலாம்."

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எங்கள்மேல் தெறிக்கவில்லையே, மாமா எதற்காகத் தோயவேண்டும் என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.